தேசிய மட்டத்தில் தெரிவான மகளுக்குச் சேரும் பணத்தை எதற்குச் செலவிடுவது?

உவர்மலைத் தந்தை:
வணக்கம். பதினொரு வயதான என் மகள் தேசிய வயதுப் பிரிவுச் சதுரங்கப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்று, ஆசிய இளையோர் போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கிறாள். ஒரு பிரிவில் நாட்டுக்கு ஒருவருக்கே தங்குமிடமும் உணவும் இலவசம் என்பதால், அவளுக்கும் துணைக்குப் போகும் தாய்க்கும் ஆகும் செலவு முழுவதும் எங்கள் பொறுப்பு. நான் மீன் வாடியில் கணக்கெழுதுபவன். பழைய மாணவர் சிலர் பணம் சேர்த்துத் தர முன்வந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறைதான் கேட்க முடியும். அதை இந்தப் பயணத்துக்குக் கொடுப்பதா, ஓராண்டுப் பயிற்சிக்கும் உள்நாட்டுப் போட்டிகளுக்கும் ஒதுக்குவதா?

நிலாவெளி வீதிப் பயிற்றுநர்:
ஐயா, பிள்ளைக்கு என் வாழ்த்துகள். ஓராண்டுக்குப் பிரித்துச் செலவிடுங்கள் என்றே சொல்வேன். நம் பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது. ஆடுவதற்கு ஆட்டங்கள்தான் கிடைப்பதில்லை. ஃபிடே என்ற உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தரும் ரேட்டிங்கை, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளியைப் பெற, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். அத்தகைய போட்டிகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கமே நடப்பதால், திருகோணமலைப் பிள்ளை இரவு ரயிலில் உட்கார்ந்தபடி தூங்கி, கோட்டை நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு முதற் சுற்றில் போய் அமர்கிறது. ரேட்டிங் 2300 புள்ளிக்குக் கீழுள்ள சிறுவர்களுக்கு, தமக்குச் சமமானவரை வென்றால் ஒரே ஆட்டத்தில் 20 புள்ளி ஏறும்; ஆகவே வளரும் வயதில் அடிக்கடி ஆடுபவருக்கே இந்த விதி கைகொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் கொண்ட ஆட்டமொன்றில், என் மாணவி ஒருத்தி மணிக்கூட்டில் 70 நிமிடம் மீதமிருக்கத் தோற்று எழுந்து வந்தாள். கைபேசியில் மூன்று நிமிட ஆட்டம் ஆடிப் பழகிய கை அது. நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்து, குதிரையை இழந்த நிலையை மீண்டும் பலகையில் அடுக்கி, பத்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னேன். சரியான நகர்வைத் தானே சொன்னாள். அந்தப் பத்து நிமிடப் பொறுமையைப் பழக்குவதற்கு ஒரு பயணம் போதாது, மாதங்கள் வேண்டும்.

ஒரு தாய்:
ஆசிரியர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் அனுப்பிவிடுங்கள் அண்ணா. இப்படி வெளிநாட்டுப் போட்டிக்குப் போன என் மகன் ஒன்பது சுற்றில் மூன்று புள்ளியோடுதான் திரும்பினான். அங்கே வென்ற பிள்ளைகள்கூட ஆட்டம் முடிந்த கையோடு பயிற்றுநருடன் மூலையில் அமர்ந்து அதே ஆட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்ததைக் கண்டு வந்தவன், அன்றிலிருந்து தோற்ற ஆட்டங்களுக்கென்று தனிக் கொப்பி வைத்திருக்கிறான். உங்களுடையது பெண் பிள்ளை. பரீட்சையைக் காட்டிப் பதின்மூன்று, பதினான்கு வயதில் எத்தனை பேரை நிறுத்திவிட்டார்கள்! நாட்டின் பெயர் பொறித்த சட்டையை ஒருமுறை போட்ட பிள்ளையை அவ்வளவு இலகுவில் நிறுத்த மனம் வராது.

சென்னையில் வசிக்கும் திருகோணமலையார்:
ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மூத்த சதுரங்க வீரர் மனுவேல் ஆரன் இங்கே தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். சிறுவனான ஆனந்த் பெரியவர்களோடு ஆடி வளர்ந்தது அங்கேதான். 2024இல் உலக வாகையரான குகேஷின் தந்தை, மகனோடு பயணம் செய்வதற்காகத் தம் மருத்துவத் தொழிலையே நிறுத்தினார்; பணமில்லாத காலத்தில் நண்பர்கள் தாங்கினார்கள். உங்கள் பழைய மாணவர்களிடம் மொத்தத் தொகையைக் கேட்காமல், மாதந்தோறும் ஆளுக்குச் சிறு தொகை தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கணக்கெழுதுபவர் நீங்கள், வரவு செலவை மாதமொருமுறை அனுப்பினால் அவர்கள் விலகமாட்டார்கள்.

உவர்மலைத் தந்தை:
எல்லோருக்கும் நன்றி. மாதக் கணக்கு என்ற யோசனையை நாளை அவர்களிடம் வைக்கிறேன். அவர்கள் இசைந்தால் இந்த ஆண்டுப் பயணத்தை விட்டுவிடுவோம்; அடுத்த ஆண்டு அவள் மறுபடி தகுதி பெற்றால் பார்க்கலாம். மகளின் ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். தோற்ற இரண்டு ஆட்டங்களிலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவள் அமரவே இல்லை. ஆசிரியர் ஐயா, சனிக்கிழமை அவளை அழைத்து வரலாமா?