ஜாவா 17 நிறுவியும் மேவன் ஏற்க மறுக்கிறது, அவசரம்

சுண்டைவற்றல்:
உபுண்டுவில் ஜாவா 17 நிறுவியாகிவிட்டது. ஆனாலும் நிரலைக் கட்டித் தரும் கருவியான மேவன் 'இன்வேலிட் டார்கெட் ரிலீஸ்: 17' (17 என்ற இலக்குப் பதிப்பு செல்லாது) என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. காலையிலிருந்து இதே கதைதான். நாளை வேலையை ஒப்படைத்தாக வேண்டும். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

மலைத்தேன்:
உபுண்டுவில் எந்தப் பதிப்பு? ஜாவாவை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக நிறுவினீர்களா, தனியாக இறக்கினீர்களா? மேவனின் 'எம்விஎன் -வெர்ஷன்' கட்டளையைக் கொடுத்தால் என்ன வருகிறது?

கரிசல்காடு:
உங்களிடம் ஜாவா நிரலை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ மட்டும்தான் இருக்கும். நிரலை மொழிமாற்றும் கம்பைலரும் சேர்ந்த ஜேடிகே நிறுவுங்கள், தீர்ந்தது.

மலைத்தேன்:
ஜேஆர்இ மட்டும் இருந்தால் 'நோ கம்பைலர் இஸ் புரொவைடட்' என்றல்லவா வந்திருக்கும்? இங்கே கம்பைலர் இருக்கிறது. 17 என்று ஒரு பதிப்பு உண்டு என்பதே அதற்குத் தெரியவில்லை. ஏதோ பழைய ஜாவாவின் கம்பைலர் ஓடுகிறது.

கரிசல்காடு:
அப்படியானால் எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளைதான். 'ஜாவா'வை மாற்றினால் கம்பைலர் கட்டளையான 'ஜாவாசி' தானாக மாறாது, இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

முதுமுனையம்:
தம்பி, விவரம் இல்லாமல் கேள்வி கேட்டால் பதிலும் இப்படித்தான் ஆளுக்கொரு திசையில் போகும். மேவன் 'ஜாவாசி' கட்டளையை வழக்கமாகக் கூப்பிடுவதே இல்லை. தான் எந்த ஜாவாவில் ஓடுகிறதோ, அதற்குள் இருக்கும் கம்பைலரைத்தான் எடுத்துக்கொள்ளும். ஜாவா இருக்கும் பாதையைச் சொல்லும் சூழல் மாறியான ஜாவா_ஹோமைப் பாருங்கள். அடிப்படைப் பாடம் இது.

நெய்தல்நிலம்:
திட்டத்தின் மேவன் அமைப்புகள் இருக்கும் பாம் கோப்பில் 17ஐ 11 ஆக்கிவிடலாமே?

சுண்டைவற்றல்:
உபுண்டு 22.04, ஆப்ட் வழிதான். 'ஜாவா', 'ஜாவாசி' இரண்டும் 17 என்கின்றன. ஜாவா_ஹோமை எக்கோ செய்தால் அதுவும் 17இன் பாதையைத்தான் காட்டுகிறது. மேவன் மட்டும் 11 என்கிறது. பாமில் குறைக்க முடியாது, திட்டம் ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா சட்டகத்தில் எழுதியது.

மலைத்தேன்:
ஆம், ஸ்பிரிங் பூட் 3க்கு 17க்குக் கீழே வழியில்லை. 11இல் கம்பைல் செய்தால் 'ராங் வெர்ஷன் 61.0, ஷுட் பி 55.0' என்று அடுத்த பிழை வந்து நிற்கும். கம்பைல் ஆன கோப்புகளின் எண்ணில் 61 என்பது ஜாவா 17, 55 என்பது ஜாவா 11.

முதுமுனையம்:
எக்கோவில் தெரிந்தால் போதாது. எக்ஸ்போர்ட் செய்தீர்களா? செய்யாவிட்டால் மேவனுக்கு அது போய்ச் சேராது. எக்ஸ்போர்ட் ஆனவற்றை மட்டும் காட்டும் 'பிரின்ட்என்வி'யில் பாருங்கள்.

கரிசல்காடு:
இந்தத் தொல்லைக்குத்தான் ஜாவா பதிப்புகளை நிறுவி மாற்றித் தரும் எஸ்டிகேமேன் கருவியைப் போடச் சொல்கிறேன். ஒரு திட்டத்துக்கு 8, இன்னொன்றுக்கு 21 என்று வைத்துக்கொள்ளலாம்.

முதுமுனையம்:
பாதுகாப்புத் திருத்தங்களை யார் கொண்டுவந்து போடுவார்கள்? ஆப்ட் என்றால் கணினியின் மற்ற புதுப்பிப்புகளோடு ஜாவாவுக்கும் வந்துவிடும். பல பதிப்புகளை அருகருகே வைப்பது ஆப்டிலும் முடியும்.

கரிசல்காடு:
அருகருகே வைக்கலாம், சரி. ஒவ்வொரு முறையும் கையால் மாற்றிக்கொண்டிருப்பது யார்? எஸ்டிகேமேனில் திட்டத்தின் அடைவிலேயே ஒரு கோப்பில் பதிப்பைக் குறித்து வைத்துவிட்டால், குழுவில் எல்லோருக்கும் ஒரே ஜாவா.

சுண்டைவற்றல்:
பிரின்ட்என்வியிலும் 17தான்.

மலைத்தேன்:
அப்படியென்றால் நடுவில் எதுவோ அதை மாற்றுகிறது. மேவன் கிளம்பும்போது முதலில் /இடிசி/மேவன்ஆர்சி, பிறகு உங்கள் வீட்டு அடைவில் உள்ள .மேவன்ஆர்சி என்ற கோப்புகள் இருந்தால் அவற்றைப் படிக்கும். அங்கே ஜாவா_ஹோம் எழுதியிருந்தால் டெர்மினலில் நீங்கள் வைத்தது செல்லாது. அந்தக் கோப்புகளைப் படிக்காமல் விடச் சொல்லி 'மேவன்_ஸ்கிப்_ஆர்சி=1 எம்விஎன் -வெர்ஷன்' என்று ஒரே வரியில் கொடுங்கள். 17 வந்தால் காரணம் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. இரண்டாவது கோப்பு புள்ளியில் தொடங்குவதால் 'எல்எஸ் -ஏ' கொடுத்தால்தான் கண்ணில் படும்.

முதுமுனையம்:
இது சரியான சோதனை. கரிசல்காடு, எஸ்டிகேமேனும் ஜாவா_ஹோமைத்தான் மாற்றுகிறது. அந்தக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்தே மீறியிருக்கும்.

கரிசல்காடு:
இந்த ஒரு கோப்புக்காக எஸ்டிகேமேனையே ஒதுக்கிவிட முடியாது. தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

சுண்டைவற்றல்:
17 வந்துவிட்டது. /இடிசி கோப்பில் ஒரே வரி, 11இன் பாதை. முன்பு இந்தக் கணினியில் வேலை பார்த்தவர் வைத்தது. நீக்கினேன், பில்ட் ஓடுகிறது. மிக்க நன்றி.

மலைத்தேன்:
மகிழ்ச்சி. அதே கணினியில் 11ஐ நம்பி வேறு ஏதாவது பழைய திட்டம் ஓடுகிறதா என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இருந்தால் அந்த வரியைத் திரும்பப் போட வேண்டாம். திட்டத்துக்குத் திட்டம் வேறு ஜாவாவைக் குறிக்க உதவும் மேவனின் டூல்செயின்ஸ் வசதியில் அந்தத் திட்டத்துக்கு மட்டும் 11ஐக் கொடுத்துவிடலாம்.