ஊராட்சியில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்: பயன் உண்டா?

வெண்ணாற்றங்கரை:
ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் சட்டமன்றம் வழி செய்தது. பலர் இதைச் சடங்கு என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் சாய்தளம் கட்டினார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அங்கே மூன்று படி உயரத்துக்கு ஐந்தடிதான். மேலே வழுவழுப்பான டைல்ஸ். கைப்பிடி சுவரோடு ஒட்டியிருக்கிறது, விரல் நுழையாது. ஐப்பசி மழையில் சக்கர நாற்காலியில் அதில் ஏற யாரால் முடியும்? பயன்படுத்தப் போகிற ஒருவரிடம் வரைபடத்தை முன்கூட்டியே காட்டியிருந்தால் அன்றே தடுத்திருப்பார்.

களத்துமேடு:
ஐயா, அளவுதான் விதியிலேயே இருக்கிறதே. மீறிய பொறியாளரைக் கேளுங்கள், அதற்கு உறுப்பினர் எதற்கு? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களின் தேவை அதில் ஒரு பகுதிதான். நடக்க இயலாத ஒருவர், காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பாரா? கடைசியில் கட்சிக்கு வேண்டியவர் உட்காருவார். கூட்டம் தொடங்கும்போது அஜெண்டாவைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு யார் குறை சொன்னாலும், "உங்கள் ஆளைக் கேட்டுத்தான் செய்தோம்" என்று வாயை அடைப்பார்கள். இதுதான் என் பயம்.

அகரத்து அம்மா:
தம்பி, விதியில் எழுத முடியாதவையும் உண்டு. என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அடையாள அட்டைக்கான மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போனோம். நெரிசல், மைக்கில் ஓயாமல் பெயர் கூப்பிடும் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் எழவே இல்லை. மருத்துவர் மேசை கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே போக முடியவில்லை. திரும்பிவிட்டோம். சத்தமில்லாத ஒரு வகுப்பறையை ஒதுக்கியிருந்தால் போதும், செலவே கிடையாது. அலுவலர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்படிப் பிள்ளையை வைத்திருக்கிற எந்தத் தாய்க்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

களத்துமேடு:
உங்கள் வேதனை புரிகிறது, அம்மா. ஆனால் நியமனம் மாற்றுத்திறனாளிக்குத்தான். பேச இயலாத பிள்ளையின் தாய்க்கு அங்கே இடம் எங்கே? நான் கேட்பதும் அதைத்தான்.

வெண்ணாற்றங்கரை:
நியாயமான கேள்வி. ஒருவரே எல்லோருக்காகவும் பேச முடியாது. அதனால்தான் கிராம சபையைச் சொல்கிறேன். ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. உறுப்பினர் அங்கே இந்தத் தாய்மாரிடமும் காது கேளாதவர்களிடமும் கேட்டுத் தீர்மானத்தில் ஏற்ற வேண்டும். அஜெண்டா ஒரு வாரம் முன்பே வர வேண்டும். ஏற்காத யோசனைக்கு எழுத்தில் காரணம் தர வேண்டும். கூட்டத்துக்கு வருபவருக்கு அன்றைய கூலியும் வண்டி வாடகையும் கொடுக்க வேண்டும். நடவு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? 2018 கஜா புயலின்போது எத்தனை வீடுகளில் நடமாட இயலாதவர்கள் இருந்தார்கள் என்று அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். அந்தத் தகவல் புயலுக்கு முன்பே ஊராட்சியின் கையில் இருக்க வேண்டாமா?

களத்துமேடு:
எழுத்தில் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நியமனத்துக்கு முன் பெயர்களைக் கிராம சபையில் படிக்க வேண்டும். அது இல்லாதவரை என் எதிர்ப்பு மாறாது.

அகரத்து அம்மா:
அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க, மருத்துவ முகாமில் தனி அறை கேட்டுத் தீர்மானம் எழுதுகிறேன். சைகை மொழி பற்றிய பகுதியை நீங்கள் எழுதிக் கொடுங்கள், தம்பி. பெயர் படிக்கும் கோரிக்கையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.