பாஸ்கர் தம்பி, எதில் 30 சதவீதம்?

பழைய லேப் (ராயபுரம்)
நேற்று ஏரியா குழுவில் பாஸ்கர் போட்டதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்: "டிப்ரஷனா, பைபோலாரா? இனி டாக்டரிடம் மணிக்கணக்காகக் கதை சொல்ல வேண்டாம். ஒரு சொட்டு ரத்தம் போதும், கேம்பிரிட்ஜ் நிரூபித்துவிட்டது. ஞாயிறு முகாமில் மனநலப் பேக்கேஜ் 1,499 ரூபாய் மட்டுமே."

ஒரு சொட்டு போதுமாம்! சர்வீஸ் முழுக்க ரத்தம் எடுத்த கை இது, அதனால் கேட்கிறேன். அந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2023 அக்டோபரில் வந்தது. 241 பேர். அட்டையில் காயவைத்த ரத்தச் சொட்டில் நூற்றுக்கணக்கான பொருட்களை அளந்து, கடைசியில் 17-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ரத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பைபோலார் (மனச்சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைதான் பிடிபடுவார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். மீதிப் பேர் எங்கே போவார்கள் தம்பி?

பாஸ்கர் (பெரம்பூர்)
அண்ணே, 30 சதவீதம் என்பது பூஜ்யம் இல்லை. பைபோலார் ஆளை வெறும் டிப்ரஷன் என்று நினைத்து, அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்து, அவர் மேனியாவில், அதாவது அந்த மிதமிஞ்சிய உற்சாகத்தில் ஏறி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஊரெல்லாம் கடன் வாங்கி வைத்த கதை எத்தனை குடும்பத்தில் இருக்கிறது! அதெல்லாம் டாக்டர் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்த லட்சணம்தானே? கேள்வித்தாளோடு ரத்தத்தையும் சேர்த்தால் இன்னும் நன்றாகப் பிடிபடுகிறது என்று அதே ஆய்வில் இருக்கிறது. அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

பழைய லேப் (ராயபுரம்)
விழுங்கியது நீ. "கதை சொல்ல வேண்டாம்" என்று எழுதியது நானா? அந்த 241 பேரும் ஏற்கனவே டாக்டரால் டிப்ரஷன் என்று சொல்லப்பட்டவர்கள், அதுவும் இங்கிலாந்தில். அவர்களில் யார் பைபோலார் என்று முடிவு செய்தது எது தெரியுமா? ரத்தம் இல்லை, நேர்காணல். கேள்வி கேட்டு வந்த முடிவைத்தான் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். நீ அதே கேள்வியைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறாய்.

சரி, அந்த 17-ல் ஒன்றாவது உன் பேக்கேஜில் இருக்கிறதா? நோட்டீஸில் இருப்பது சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்), கார்டிசால் (மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்), வைட்டமின் டி, செரட்டோனின் (மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் ரசாயனம்). கேம்பிரிட்ஜ் பெயரை எதற்கு இழுத்தாய்? ரத்தத்தில் இருக்கும் செரட்டோனின் பெரும்பாலும் குடலில் உண்டாகி பிளேட்லெட்டில் உட்கார்ந்திருப்பது. மூளையில் நடப்பதை அது எப்படிச் சொல்லும்?

கொருக்குப்பேட்டை குமார்
1,499 கொடுத்தால் 30 சதவீதம் தெரியும் என்றால், முழுசாகத் தெரிய 5,000 ரூபாய் ஆகுமே. இஎம்ஐ உண்டா பாஸ்கர்?

பாஸ்கர் (பெரம்பூர்)
சிரியுங்கள். நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவன், டியூப் மட்டும் கழுவியவன் இல்லை. 2013-ல் மற்ற மருந்துகளுக்கு மசியாத டிப்ரஷன் உள்ள 60 பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும், அழற்சியைக் குறைக்கும் மருந்து அது. சிஆர்பி 5-க்கு மேல் இருந்தவர்களுக்கு நன்றாக வேலை செய்தது. சிஆர்பி வீண் என்றால் இது எப்படி?

பழைய லேப் (ராயபுரம்)
டியூப் கழுவியவனா? இருக்கட்டும். அதே ஆய்வில் மொத்தமாகப் பார்த்தால் அந்த மருந்துக்கும் வெறும் சலைனுக்கும் வித்தியாசம் இல்லை. சிஆர்பி குறைவாக இருந்தவர்களுக்கு வெறும் சலைனே தேவலை என்று ஆனது. இதை உன் நோட்டீஸில் போடுவாயா? சிஆர்பி சளி பிடித்தால் ஏறும், பல் ஈறு வீங்கினால் ஏறும், தொப்பை இருந்தால் ஏறும். டிப்ரஷன் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அது 3-ஐத் தாண்டுகிறது. அதையும் நீ 30 சதவீதம் என்று எழுதிவிடாதே.

கார்டிசாலுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1981-ல் கரோல் என்பவர் ஒரு பரிசோதனையை முறைப்படுத்தினார். இரவு 11 மணிக்கு, கார்டிசாலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 1 மில்லிகிராம், மறுநாள் சாயங்காலம் 4 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ரத்தம். கார்டிசால் 5 மைக்ரோகிராமுக்குக் கீழே அடங்காவிட்டால் கடுமையான டிப்ரஷன் என்றார்கள். உலகமே கொண்டாடியது. அப்புறம் பார்த்தால் குடிப்பவருக்கும் அடங்கவில்லை, மறதி நோய் வந்தவருக்கும் அடங்கவில்லை, எடை குறைந்து கிடந்தவருக்கும் அடங்கவில்லை. ஓரங்கட்டிவிட்டார்கள். நீ முகாமில் காலை எட்டு மணிக்கு எடுக்கப்போகிறாய். காலையில் கார்டிசால் எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கும்.

காசிமேடு கலா
சண்டைக்கு நடுவில் ஒன்று கேட்கலாமா அண்ணா? என் தம்பிக்கு பைபோலார். லித்தியம் சாப்பிடுகிறான். ஐஸ் கட்டி ஏற்றி இறக்கும் வேலை. தோள்பட்டை வலிக்கு மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கி தினமும் போட்டிருக்கிறான், வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது, பாதி டீ லுங்கியில். டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். 1.4 வந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, லித்தியம் அளவையும் குறைத்த பிறகு சரியானது. அதனால் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பாஸ்கர் (பெரம்பூர்)
கேட்டீர்களா? ரத்தம்தான் காப்பாற்றியிருக்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பழைய லேப் (ராயபுரம்)
கலாம்மா, உன் டாக்டர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. லித்தியத்துக்கு 0.6-லிருந்து 1.0 வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. வலி மாத்திரையும் வியர்வையும் சேர்ந்தால் ஏறத்தான் செய்யும். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு ரத்தம், 12 மணி நேர இடைவெளி முக்கியம். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். தைராய்டும் கிரியேட்டினினும் அவ்வப்போது பார்க்கச் சொல். இன்னொன்று, பச்சை மூடி டியூபில் எடுக்க விடாதே. அதில் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின் இருக்கும், டியூபில் உள்ள லித்தியமே கணக்கில் ஏறி அளவைத் தப்பாகக் காட்டும்.

பாஸ்கர், அங்கே அளந்தது மருந்தை. நோயை இல்லை. இதுகூடப் புரியாதவன் 30 சதவீதம் பேசுகிறான்.

பாஸ்கர் (பெரம்பூர்)
மருந்தோ நோயோ, ரத்தம் ரத்தம்தான். பிடிஎன்எஃப் என்று மூளை நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்று இருக்கிறது, டிப்ரஷனில் குறைகிறது, சிகிச்சைக்குப் பிறகு ஏறுகிறது. அதற்கும் பதில் இருக்குமே உங்களிடம்.

பழைய லேப் (ராயபுரம்)
இருக்கிறது. மேனியாவிலும் குறைகிறதே, அப்புறம் எதை வைத்துப் பிரிப்பாய்? போதாததற்கு பிடிஎன்எஃப் பிளேட்லெட்டுக்குள் சேர்ந்து கிடக்கும், ரத்தம் உறையும்போது வெளியே கொட்டும். அதனால் ரத்தம் உறைந்த பிறகு எடுக்கும் சீரத்தில் ஒரு அளவு, உறையவிடாமல் எடுக்கும் பிளாஸ்மாவில் வேறு அளவு. நீ எதில் பார்ப்பாய்? போன கோடையில் உன் சர்க்கரை முகாமில் எடுத்த டியூப்கள் மத்தியானம் வரை ஷேர் ஆட்டோ சீட்டில் வெயிலில் கிடந்ததை நான் பார்த்தேன். சர்க்கரை அளவு குறையாமல் காக்கும் சாம்பல் மூடி டியூபும் இல்லை. எத்தனை பேருக்குச் சர்க்கரை குறைவு என்று ரிப்போர்ட் கொடுத்தாய்?

பாஸ்கர் (பெரம்பூர்)
வந்துவிட்டது பழைய பஞ்சாங்கம். ஐஸ் பெட்டியில்தான் இருந்தது. டெங்கு சமயத்தில் பப்பாளி இலைச் சாறு பற்றி நான் போட்ட பதிவிலிருந்து உங்களுக்கு என்மேல் காண்டு, அவ்வளவுதான். வட சென்னைக்காரன் ஒருத்தன் நாலு நல்லது செய்தால் பொறுக்காது.

வியாசை வேலு
பெரம்பூர் எப்போதிலிருந்து வட சென்னை? வாடகை கேட்கும்போது மத்திய சென்னை என்கிறீர்கள், சண்டை வந்தால் மட்டும் வட சென்னையா?

பாஸ்கர் (பெரம்பூர்)
வேலு, ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸ் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை குமார்
பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் பெரம்பூர் என்று சொல்லி வீடு விற்கிறார்கள், அதையும் ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

காசிமேடு கலா
லேப் அண்ணா, பச்சை மூடி இல்லை என்றால் எந்த மூடி?

பழைய லேப் (ராயபுரம்)
சிவப்பு மூடிம்மா. பாஸ்கர், நான் தலைப்பில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எதில் 30 சதவீதம்? முகாமுக்கு வருகிற எல்லாரிலுமா, டிப்ரஷன் உள்ளவர்களிலா, பைபோலார் உள்ளவர்களிலா?

பாஸ்கர் (பெரம்பூர்)
30 சதவீதம் 30 சதவீதம்தான். முகாம் ஞாயிறு கட்டாயம் நடக்கும், பெயர் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவ்வளவு அக்கறை இருந்தால் நீங்களே வந்து ரத்தம் எடுங்கள்.

பழைய லேப் (ராயபுரம்)
வருகிறேன். ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்க.

வியாசை வேலு
யாருக்காவது நிஜமாகவே மனசு சரியில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். இவர்கள் இரண்டு பேரும் ஞாயிறு வரை ஓய மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டை குமார்
முகாமுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, டிபன் முடித்துவிட்டு வரலாமா? அதை ஒருத்தரும் சொல்லவில்லை.