ப்ளூரே, செட்டாப் பாக்ஸ், ஓடிடி: ஒரே டிவியில் படம் ஏன் மூன்று விதமாகத் தெரிகிறது?

வெண்திரை:
டிவி 65 அங்குல 4கே. ப்ளூரே பிளேயர் எச்டிஎம்ஐ 1-லும் செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ 2-லும் நேராக இணைந்துள்ளன. ஓடிடி டிவியின் ஆப்பிலேயே ஓடுகிறது. ஒரே படத்தை மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். இரவுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்பு ப்ளூரேயில் தெரியவே இல்லை, செட்டாப் பாக்ஸில் சாம்பல் பூத்த மாதிரி வெளிறுகிறது, ஓடிடியில் சரியாக இருக்கிறது. கேபிளை மாற்ற வேண்டுமா?

ஒளிக்கற்றை:
வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள் பழுதானால் வெள்ளைப் பொட்டுகள் மினுக்கும், இல்லையென்றால் படம் விட்டுவிட்டு வரும். கறுப்பைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது.

இது ரேஞ்ச், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒளி அளவைக் குறிக்கும் எண்களின் எல்லை, பொருந்தாத கோளாறு. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் முறையில் 0, 255. பிளேயர் 0-255 அனுப்ப, டிவி 16-235 என்று எடுத்துக்கொண்டால் 16-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். உங்கள் சட்டை மடிப்பு போனது அங்கேதான். நேர்மாறாக நடந்தால் வெளிறும். உள்ளே இருக்கும் ஆப் எச்டிஎம்ஐ வழியே வருவதில்லை, அதனால் தப்பித்தது.

பிளேயர், பாக்ஸ் இரண்டின் அவுட்புட்டையும் ஆர்ஜிபியிலிருந்து (சிவப்பு, பச்சை, நீலமாக அனுப்பும் முறை) ஒய்சிபிசிஆருக்கு (ஒளியையும் நிறத்தையும் பிரித்து, வழக்கமாக 16-235-இல் அனுப்பும் முறை) மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத பாக்ஸ் என்றால் டிவியில் அந்த இன்புட்டுக்கு மட்டும் பிளாக் லெவலை (டிவி எந்த ரேஞ்சை எதிர்பார்க்க வேண்டும் என்ற செட்டிங்) மாற்றிப் பாருங்கள். பிறகு ஏவிஎஸ் எச்டி 709 டெஸ்ட் டிஸ்க்கில் பிளாக் கிளிப்பிங் பேட்டர்ன் (கறுப்பு எந்த எண்ணில் மறைகிறது என்று காட்டும் பட்டைகள்) போடுங்கள்: 17-ஆம் பட்டை மங்கலாகத் தெரிய வேண்டும், 16 பின்னணியோடு கலந்துவிட வேண்டும்.

இன்னொன்று, பெரும்பாலான டிவிகள் பிக்சர் செட்டிங்கை இன்புட் வாரியாகத் தனித்தனியே வைத்திருக்கும். மூன்றிலும் ஒரே பிக்சர் மோடு வையுங்கள்; டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன், மோஷன் ஸ்மூத்திங் எல்லாவற்றையும் அணையுங்கள். ஓவர்ஸ்கேனையும் நிறுத்துங்கள், ஓரத்தை வெட்டி மீதியை இழுத்துப் பெரிதாக்குவதால் 1080 படத்தின் கூர்மை அதில் போய்விடும். இவ்வளவும் செய்யாமல் எது சிறந்தது என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

நேரலை:
செட்டாப் பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சேனல் 1080ஐ-யில் (ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என மாற்றி மாற்றி அனுப்பும் முறை) வந்தால் பாக்ஸையும் 1080ஐ-யிலேயே விடுங்கள், பிறகு 1080பி-க்கு (எல்லா வரிகளும் சேர்ந்த முழுப் படம்) மாற்றிப் பாருங்கள். விளையாட்டு நேரலையில் கேமரா திரும்பும்போது மைதானத்தின் வெள்ளைக் கோட்டைக் கவனியுங்கள். ரம்பப் பல் மாதிரி ஓரம் வந்தால் டீஇன்டர்லேஸ் செய்யும் (அந்த வரிகளைச் சேர்த்து முழுப் படமாக்கும்) கருவி சரியில்லை: 1080ஐ-யில் விட்டால் அது டிவி, 1080பி-யில் விட்டால் பாக்ஸ். பல் வராத பக்கத்திடம் வேலையை விடுங்கள். பாக்ஸில் 2160பி வைத்தால் நீங்கள் பார்ப்பது பாக்ஸின் ஸ்கேலரை (படத்தை 4கே அளவுக்குப் பெரிதாக்கும் பகுதி), சேனலை அல்ல.

ஓடிடியில் பிளே அழுத்தியவுடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள், தரம் ஏறி நிற்க ஓரிரு நிமிடம் ஆகும். அது எச்டிஆரில் (ஒளி வீச்சு அதிகமுள்ள வீடியோ முறை) ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் டிவி தானே பிக்சர் மோடை மாற்றியிருக்கும், அதை ப்ளூரேயோடு ஒப்பிட முடியாது.

வெண்திரை:
பிளேயர் ஆர்ஜிபி ஃபுல்லில் (0-255) இருந்தது. ஒய்சிபிசிஆருக்கு மாற்றியதும் மடிப்பு வந்துவிட்டது, நன்றி. இப்போது ப்ளூரேக்கும் ஓடிடிக்கும் வித்தியாசமே தெரியவில்லையே?

ஒளிக்கற்றை:
அசையாத முகத்தில் தெரியாது. மழை, புகை, அலை, ஃபிலிம் கிரெயின் (ஃபிலிமின் பொடிப்பொடியான மணல்தன்மை) இருக்கும் காட்சியை எடுங்கள். ப்ளூரேயில் வீடியோவுக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. 1080 ஓடிடி பெரும்பாலும் 10-க்குள் முடித்துக்கொள்ளும். அலை உடையும் இடத்தில் நுரை சதுரம் சதுரமாகக் கட்டிக்கொள்கிறதா, துளித் துளியாக நிற்கிறதா என்று பாருங்கள். உட்காரும் தூரத்தையும் குறையுங்கள்: 65 அங்குலத்தில் 1080-இன் முழு விவரமும் தெரிய சுமார் இரண்டரை மீட்டருக்குள் இருக்க வேண்டும்.