ஒரே மலையை வரைகிறேன், அட்டையில் வெட்டி ஒட்டியது போல வருகிறது: எங்கே தப்பு?

அடிவாரம்:

வணக்கம். நீர்வண்ணத்தில் மலைக்காட்சி வரைகிறேன். எதிரே தெரிவது மூன்று அடுக்கு. அருகில் புதரும் பாறையுமாக ஒரு கரடு, அதற்குப் பின்னால் காடு போர்த்திய சரிவு, கடைசியில் நீலமாக ஒரு நீண்ட தொடர். தாள் 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் (சற்றுச் சொரசொரப்பான கெட்டித் தாள்), ஏ4 அளவு. 12 வண்ணப் பெட்டி. 4, 8, 12 எண் உருண்டைப் பிரஷ்கள்.

மூன்று அடுக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய அட்டை மாதிரி நிற்கின்றன, நடுவில் தூரமே தெரியவில்லை. பச்சை எல்லா இடத்திலும் ஒரே பச்சை, பிளாஸ்டிக் இலை போல. பாதி வரைவதற்குள் வெயில் நகர்ந்து நிழல் மாறிவிடுகிறது. போனில் படம் எடுத்துவைத்து வரைந்தால் மலை குட்டையாகிவிடுகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். தினமும் பார்க்கிற மலையில் வரைய இனி எதுவும் இல்லை என்று தோன்றினால் இடத்தை மாற்றுவதா, அங்கேயே தொடர்வதா?

ஈரத்தாள்:

மலையை வரைகிறீர்கள், மலைக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் காற்றை விட்டுவிடுகிறீர்கள். அட்டை போல வருவதற்கு அதுதான் காரணம்.

காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. சிதறிய அந்த நீலம் இருண்ட பொருளுக்கு முன்னால் திரை போல விழும். தூரத்துக் காடு வெளிறி நீலமாவது அதனால்தான். வெளிச்சமான பொருளுக்கு நடப்பது நேர் எதிர். தூரத்து வெள்ளைப் பாறையும் அடிவானத்து வெண்மேகமும் தங்கள் நீலத்தை வழியிலேயே இழந்து இளமஞ்சளாகத் தெரியும். தூரம் என்றாலே எல்லாவற்றின் மேலும் நீலம் பூசுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

தூசியும் பனித்துளியும் மண்டிய நாளில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறும். அன்று திரை நீலமாக இராது, பால் கலந்த சாம்பலாக இருக்கும். நல்ல மழை கழுவிவிட்ட மறுநாளோ திரையே இல்லாதது போல இருக்கும். தொடர் கருநீலமாகக் கிட்டே வந்து நிற்கும். அந்த நாளில் புத்தக விதிப்படி கடைசி அடுக்கை வெளிறவைத்தால் எதிரே இருப்பதற்கு மாறாகத்தான் வரைவீர்கள். ஆகவே பிரஷைத் தொடும் முன் இன்று காற்று எப்படி என்று பார்த்து அதை ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

டோனை, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவை, தாளின் வெண்மை 1, உங்களால் கலக்க முடிந்த ஆகக் கருமை 10 என்று வையுங்கள். சாதாரண நாளில் வானம் 1–2, நீலத் தொடர் 3, காட்டுச் சரிவு 5, கரடு 7 என்று பிரிந்தால் போதும். 9, 10 இரண்டையும் கரட்டின் பாறை இடுக்குகளில் நாலைந்து புள்ளிகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். அட்டை போல வரும் படங்களில் பெரும்பாலும் மூன்று அடுக்கும் 5க்கும் 7க்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கும். உங்கள் படத்தைப் போனில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், உடனே தெரியும்.

பூசும் முறை: பலகையைச் சுமார் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். வானத்தை நனைத்த தாளில் பூசி முழுக்கக் காயவிடுங்கள். பிறகு கடைசித் தொடர். கோபால்ட் ப்ளூவோடு துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), நிறைய நீர். மேல் விளிம்பை ஒரே ஓட்டமாக இழுத்து, கீழே இறங்க இறங்கச் சுத்த நீர் சேர்த்து அடிவாரத்தில் ஒன்றுமில்லாமல் கரைத்துவிடுங்கள். தூசியும் ஈரமும் தாழ்வான காற்றில்தான் அதிகம். அதனால் மலையின் அடி, முகட்டைவிட வெளிறியிருக்கும். அது காய்ந்ததும் நடு அடுக்கு, அதற்கும் அடி கரைய வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் கூர்மையான முகடும் முந்தைய அடுக்கின் கரைந்த அடியின் மேல் வந்து உட்காரும். தூரம் பிறப்பது அந்தச் சந்திப்பில்தான். நீங்கள் ஒவ்வொரு மலையையும் மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தியில் நிரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்க்காதீர்கள், விரலின் எண்ணெய் தாளில் ஏறும். புறங்கையை லேசாக வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதால் ஈரத்தில் பார்க்கும்போது ஒரு படி அடர்த்தியாகத் தோன்றும்படி கலக்குங்கள்.

பச்சைக்கு வருவோம். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். ஓவியத்தில் தூரத்துப் பச்சையில் பச்சை மிச்சமிருப்பதே அபூர்வம். தூரம் கூடும்போது முதலில் வடிவது மஞ்சள். கரட்டில் அல்ட்ராமரைன் நீலத்தோடு பளிச்சென்ற மஞ்சள், நடுச் சரிவில் அதே அல்ட்ராமரைனோடு யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், கடைசித் தொடரில் மஞ்சளே வேண்டாம். பெட்டியில் உள்ள சாப் க்ரீனை அப்படியே எடுக்காதீர்கள். எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு பர்ன்ட் சியன்னா சேருங்கள், பிளாஸ்டிக் பளபளப்பு அடங்கும். நிழல் பக்கத்துக்குக் கருப்பு சேர்ப்பதைவிட பச்சையில் துளி அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு) சேர்ப்பது நல்லது. கருப்பு நிழலைச் செத்துப்போகச் செய்யும்.

கரித்துண்டு:

போன் விஷயத்தை முதல்ல முடிச்சிடலாம். போனோட முக்கிய லென்ஸ் அகலக் கோணம், பெரும்பாலும் பழைய கேமரா கணக்குல 24லேர்ந்து 28 மிமீ. அது பெரிய பரப்பை உள்ளே அடைக்கும், அதுல மலை ஒரு கீற்றாத்தான் விழும். 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூம்ல எடுங்க, கண்ணு பார்க்கிற அளவுக்குக் கிட்ட வரும். இரண்டு படம் எடுத்து வைக்கணும். வானத்தைத் தொட்டு வெளிச்சம் சரிசெய்து ஒண்ணு, கரட்டு நிழலைத் தொட்டு ஒண்ணு. ஒரே படத்துல ரெண்டும் சரியா வராது. பல போன்கள் தானாவே வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாட்டைக் கூட்டி மங்கலைத் துடைச்சிடும், அதனால தூரத்து டோனுக்குப் படத்தை நம்பாதீங்க. வடிவத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க. டோனை அங்கேயே நின்னு எண்ணா எழுதிடுங்க.

குட்டையா வர்றதுக்குப் படம் மட்டும் காரணம் இல்ல. கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்துல அளவுகோலைப் பிடிச்சா 1 செ.மீ. ஏறக்குறைய 1 டிகிரி. அப்படி அளந்து பாருங்க. பெரிசுன்னு நினைக்கிற தொடர் 3, 4 டிகிரிதான் இருக்கும். மனசு அதை ரெண்டு மடங்காப் பார்க்குது. உயர்த்தி வரையறது தப்பில்ல, ஆனா அளந்துட்டு தெரிஞ்சே ஒண்ணரை மடங்கு உயர்த்துங்க. அகலத்தை விட்டுட்டு உயரத்தை மட்டும் ஏத்தினா, சரிவுங்க எல்லாம் கூம்பாயிடும். உதிரிக் கல்லும் மண்ணும் சுமார் 35 டிகிரிக்கு மேல நிக்காது, சரிஞ்சிடும். அதைவிடச் செங்குத்தா வரைஞ்சா அங்க வெறும் பாறை தெரியணும். காட்டையும் மண்ணையும் 60 டிகிரில ஏத்தி வெச்சா பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே பொய்னு தோணும்.

மலைக்கு உடம்பு கொடுக்கிறது ஓடைத் தடங்கள். மேல மெல்லிசா நிறைய, கீழ வரவரச் சேர்ந்து கொஞ்சம், மரக்கிளையைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி. ரெண்டு ஓடைக்கு நடுவுல ஒரு மடிப்பு, அதுல ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். பென்சில்ல முதல்ல முகட்டுக்கோடு, அடுத்தது இந்தத் தடங்கள், அதோட நிறுத்திடுங்க. மரங்களை ஒவ்வொண்ணா தொடவே வேண்டாம்.

வெயில் பத்தி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது. ஏ4ஐ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுத்தா அது ரெண்டு வேளை கலந்த படம். வழி இதுதான்: முதல்ல தீப்பெட்டி அளவுல மூணு சின்னக் கட்டம், ஒவ்வொண்ணுக்கும் 3 நிமிஷம், பென்சில்ல மூணே டோன். நல்லா இருக்கிற ஒண்ணைத் தேர்ந்தெடுத்து பெரிய தாள்ல முதல் 10 நிமிஷத்துக்குள்ள நிழல்களோட எல்லையைக் கோடு போட்டுப் பூட்டிடுங்க. அதுக்கப்புறம் நிழல் எங்க போனாலும் துரத்தாதீங்க. மேக நிழலுக்கும் இதே கதைதான். ஒருமுறை எங்க விழணும்னு முடிவு பண்ணிட்டா அதோட சரி. நடு அடுக்கு முழுசும் மேக நிழல்ல இருக்க, கரடு வெயில்ல இருந்தா அடுக்குகள் தானாவே பிரியும்.

அடிவாரம்:

இருவருக்கும் நன்றி. கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நடு அடுக்கும் கரடும் ஒரே சாம்பல், பிரிக்கவே முடியவில்லை. இரண்டு சந்தேகம் மிச்சம். அடியைக் கரைக்கும்போது சில நேரம் காலிஃபிளவர் போலக் கறை விரிகிறது, ஏன்? வெளியில் சரியாகத் தெரிந்த படம் வீட்டுக்குள் வந்ததும் இருட்டிப்போவதும் ஏன்?

சாம்பல்நீலம்:

இரண்டாவதுக்குப் பதில்: வெயில் நேராகத் தாளில் விழும்படி உட்கார்ந்திருக்கிறீர்கள். வெயிலில் தாள் கண்ணைக் கூசும். அதை அடக்க உங்களை அறியாமல் அடர்த்தியாகக் கலப்பீர்கள். தாளும் பேலட்டும் இரண்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும், அதுவும் திறந்த வானத்தின் வெளிச்சம் வரும் நிழலில். மரத்தடியின் அடர்ந்த இருட்டு உதவாது. அங்கே வரைந்தால் தவறு மறுபக்கம் சாயும், படம் வெளிறிப்போகும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டையும் வேண்டாம், அதன் நிறம் தாளில் பிரதிபலித்து கலவையைக் கெடுக்கும்.

நான் சொல்ல வந்தது உங்கள் கடைசிக் கேள்விக்கு. இடத்தை மாற்றாதீர்கள். தமிழ் இலக்கணம் முதற்பொருள் என்று நிலத்தோடு பொழுதையும் சேர்த்து வைத்தது, நிலத்தை மட்டும் தனியாக வைக்கவில்லை. நிலக்காட்சி ஓவியருக்கு இதைவிடத் துல்லியமான பாடத்திட்டம் கிடைக்காது. இங்கிலாந்தின் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் மேகங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பல படங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசையை எழுதிவைத்தார். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ஃபூஜி மலை வரிசை 36 என்று பெயரிடப்பட்டு 46 படங்களில்தான் நின்றது. பிரெஞ்சு ஓவியர் செசான் தன் ஊருக்கு அருகில் இருந்த சான்த் விக்துவார் மலையை ஆண்டுக்கணக்கில் எண்ணெயிலும் நீர்வண்ணத்திலும் விடாமல் வரைந்தார்.

ஆனால் வெறுமனே திரும்பத் திரும்ப வரைந்தால் அலுத்துத்தான் போகும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நாள் முகட்டின் விளிம்பு எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்பது மட்டும். இன்னொரு நாள் நிழல் பக்கத்தின் நிறம் மட்டும். அளவும் சிறியது போதும், அஞ்சலட்டை அளவில் 20 நிமிடம். பின்புறம் தேதி, நேரம், சூரியன் எந்தப் பக்கம், காற்றில் மங்கல் எவ்வளவு என்று எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் வரிசையாகப் பரப்பினால் பெரிய படத்துக்கு எது என்று தானே தெரியும்.

சூரியனின் பக்கத்தை மாற்றினாலே அதே மலை வேறு மலையாகும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மடிப்பெல்லாம் மறைந்து தட்டையாகும். மலைக்கு ஆக மோசமான வெளிச்சம் அது, நிறங்களைப் படிக்க மட்டும் பயன்படுத்துங்கள். பக்கவாட்டில் இருந்தால் கரித்துண்டு சொன்ன ஓடைத் தடங்கள் எல்லாம் எழும்பி நிற்கும். மலைக்குப் பின்னால் இருந்தால் உள்விவரம் அழிந்து, அடுக்குகள் மட்டும் வெளிறி வெளிறிப் பின்வாங்கும். அடுக்கு பிரிக்கப் பழக வேண்டிய உங்களுக்கு இந்த எதிர்வெயில் வேளைதான் முதலில் வேண்டியது.

டோன் குழம்பும்போது நினைவில் வைக்க ஒன்று: வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது. எனவே வானம் ஆக வெளிச்சம். அதை நேராகப் பார்த்துக் கிடக்கும் தரை அடுத்தது. சாய்ந்த சரிவு மூன்றாவது. நிமிர்ந்து நிற்கும் மரம் ஆக இருட்டு. கரட்டில் புதரும் அதன் கீழிருக்கும் சரிவும் ஒரே டோனில் ஒட்டிக்கொண்டால் இந்த வரிசையைக் கேட்டுத் திருத்துங்கள். வெண்பனி மூடிய நிலமும் இடிமேகமும் இதற்கு விலக்கு.

எண்ணெயிலோ அக்ரிலிக்கிலோ முயன்றால் இதே டோன் எண்கள்தான். வெளிறவைக்க நீருக்குப் பதில் வெள்ளை சேர்ப்பீர்கள், அது நிறத்தைக் குளிர்ச்சியாக்கிவிடும் என்பதால் ஒரு துளி ஓக்கரைக் கூடவே சேர்க்க வேண்டியிருக்கும்.

ஈரத்தாள்:

காலிஃபிளவர் கறைக்கு: ஏற்கெனவே பாதி காய்ந்த பூச்சில், அதைவிட ஈரமான பிரஷை வைக்கிறீர்கள். புதிய நீர் நிறத்துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. தாளைச் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு பளபளவென்று இருக்கும்வரை நீர் சேர்க்கலாம். பளபளப்பு போய் மங்கிவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும். அடியைக் கரைக்க 12ஆம் எண் பிரஷை நனைத்து, துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தொடுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். பலகையின் கீழ் ஓரத்தில் தேங்கும் நீரையும் ஈரமில்லாத பிரஷால் உறிஞ்சி எடுங்கள், அது திரும்பி மேலேறினாலும் இதே கறைதான்.

விழுந்துவிட்ட கறையை ஈரத்திலேயே தேய்க்காதீர்கள். முழுக்கக் காயட்டும். பிறகு நனைத்த தட்டைப் பிரஷால் ஓரத்தை மட்டும் மெல்ல நீவி, துணியால் ஒற்றி எடுங்கள். கோபால்ட்டும் அல்ட்ராமரைனும் பெரும்பாலும் எழும்பி வந்துவிடும். தாலோ ப்ளூ, தாலோ க்ரீன் இரண்டும் தாளில் சாயமாக ஏறிக்கொள்ளும், வராது. கடைசித் தொடருக்கு உங்கள் பெட்டியில் உள்ள நீலம் எது என்று முதலில் பாருங்கள். தாலோவாக இருந்தால் அதை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.