டெபியனில் பொதிச் சார்பு வரைபடத்தை ஊடாடிப் பார்க்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். டெபியன் லினக்ஸ் கணினியில் அச்சுப்பொறிக்காக நிறுவிய கப்ஸ் என்னும் அச்சிடல் பொதியோடு (பொதி என்பது நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பு), வலையமைப்பிலுள்ள சாதனங்களைக் கண்டறியும் பின்னணிச் சேவையான அவாகி-டீமனும் வந்து சேர்ந்திருக்கிறது. வலையமைப்பில் இயங்கும் சேவை என்பதால், தேவையில்லையெனில் நீக்கிவிட விரும்புகிறேன். ஆனால் எந்தப் பொதி அதை இழுத்து வந்தது என்று தெரியாமல் கை வைக்க மனமில்லை. எந்தப் பொதிக்கு எது தேவை என்னும் சார்புகளை வரைபடமாகத் தரும் டெப்ட்ரீயின் வெளியீட்டை, வரைபடம் வரையும் கிராஃப்விஸ் தொகுப்பின் டாட் நிரலால் பிஎன்ஜி படமாக்கினேன். முழுப் படத்தையும் திரையில் அடக்கினால் பெயர்களைப் படிக்க முடியவில்லை. பெரிதாக்கினால் ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தொடர முடியவில்லை. ஒரு பொதியைத் தேடி, அதை வந்தடையும் கோடுகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வழி உண்டா? மேலும், எல்லாவற்றுக்கும் அடிப்படையான சி நூலகம் படத்திலேயே இல்லை; இந்த வரைபடத்தை நம்பலாமா?

மறுமொழி 1:
படமாக மாற்ற வேண்டாம். டெப்ட்ரீ தருவது டாட் மொழியில் எழுதப்பட்ட உரைக்கோப்பு. அதை அப்படியே எக்ஸ்டாட் என்னும் ஊடாடும் பார்வைநிரலில் திறங்கள். அதில் பெயரைத் தேடலாம். சுட்டியைக் கோட்டின் முனையருகே வைத்தால் அது தனித்துத் தெரியும். கோட்டின் ஒரு முனையருகே சொடுக்கினால் பார்வை மறுமுனையிலுள்ள பொதிக்கு நகரும்.

நிறங்களைக் கவனியுங்கள். நீலக் கோடு கட்டாயச் சார்பு, கறுப்புக் கோடு பரிந்துரை (கட்டாயமல்ல), சிவப்போ முரண்பாட்டைக் குறிப்பது, அதாவது சேர்த்து நிறுவ முடியாத பொதிகளை. சிவப்பையும் சார்பென்று எண்ணினால் வரைபடம் முழுவதும் தவறாகப் புரியும். சி நூலகம் போல எங்கும் வரும் பொதிகளை டெப்ட்ரீ வேண்டுமென்றேதான் தவிர்க்கிறது. அவற்றையும் வரைந்தால் கோடுகள் படத்தை மூடிவிடும்.

உங்கள் கேள்விக்கு நேர்வழி ஒன்று உண்டு. பரிந்துரைகளை விலக்கும் நோ-ரெகமெண்ட்ஸ் விருப்பத்தோடு டெப்ட்ரீயால் மறுபடி வரையுங்கள். அவாகி-டீமன் அப்போது மறைந்துவிட்டால், கப்ஸ் அதைப் பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது என்று பொருள்.

மறுமொழி 2:
கோடுகளைக் குறைக்க டாட் கோப்பை கிராஃப்விஸின் இன்னொரு நிரலான டிரெட் வழியாகச் செலுத்தும்படி பலர் சொல்வார்கள். இந்தத் தேவைக்கு அது ஏற்றதல்ல. சுற்றுவழியே ஒரு பொதியை அடைய முடியுமானால், அதற்குச் செல்லும் நேரடிக் கோட்டை டிரெட் அழித்துவிடும்; நீங்கள் தேடுவது அந்தக் கோடாகவே இருக்கலாம். ஒரே ஒரு பொதியின் காரணம் போதுமென்றால், பொதிகளை மேலாளும் ஆப்டிட்யூடின் ஒய் (why) கட்டளை அது நிறுவப்பட்ட சங்கிலியை வரிவரியாகக் காட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எக்ஸ்டாட்டில் அவாகி-டீமனைத் தேடி, அதை வந்தடையும் கோட்டைச் சொடுக்கியதும் கப்ஸ்-டீமன் எதிரே வந்தது, கோடு கறுப்பு. பரிந்துரைகளை விலக்கி வரைந்தபோது அவாகி-டீமன் மறைந்தது, ஆனால் பிற நிரல்கள் அவாகியோடு பேசப் பயன்படுத்தும் கிளையன்ட் நூலகம் அப்படியே நிற்கிறது. அதையும் நீக்கலாமா?

மறுமொழி 1:
கூடாது. கப்ஸின் சொந்த நூலகம் அதைக் கட்டாயமாகச் சார்ந்திருக்கிறது. அது வெறும் நூலகமே, சேவையாக எதுவும் இயங்காது. டீமனை மட்டும் நீக்குங்கள். முதலில் பொதிகளை நிறுவி நீக்கும் கருவியான ஆப்டின் ஒத்திகை விருப்பத்தோடு (உண்மையில் எதுவும் நீங்காது) நீக்கிப் பார்த்து, உடன் எவை போகின்றன என்று படியுங்கள்: எம்டிஎன்எஸ் பெயர்களுக்கான (உள் வலையமைப்பில் தனிச் சேவையகமின்றி அறியப்படும் பெயர்கள்) என்எஸ்எஸ் செருகி, அதாவது கணினியின் பெயர் தேடும் பகுதியில் சேரும் துணை நூலகம், நிறுவியிருந்தால் அதுவும் போகும், ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்கள் பிறகு கிடைக்காமல் போகலாம். வலையமைப்பு அச்சுப்பொறிகளையும் கப்ஸ் தானாகக் கண்டுபிடிக்காது. முகவரியைக் கொடுத்து நீங்களே சேர்க்க வேண்டும்.