இணைய ஏலத்தில் நான் வைத்த உச்சத்தொகை அடுத்தவருக்கு எப்படித் தெரிந்தது?

நாணயப்பித்தன்:
வணக்கம். நேற்றிரவு முடிந்த ஒரு ஏலம் பற்றிக் கேட்கிறேன். தளத்தின் பெயரும் விற்றவர் பெயரும் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்கிறேன். வில்லியம் மன்னர் தலை போட்ட 1835 கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளி ரூபாய், 11.66 கிராம், அதிகம் தேயாதது. 6,000 ரூபாய் உச்சத்தொகை வைத்தேன். பழக்கமில்லாதவர்களுக்காக: உச்சத்தொகையைத் தளம் யாருக்கும் காட்டாது, அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலே மட்டும் நமக்காக அதுவே கேட்டுக்கொண்டு போகும். இங்கே ஒரு படி 100 ரூபாய்.

வெள்ளிக்கிழமை விலை 2,350. சனிக்கிழமை காலை ஒருவர் 10,000 கேட்டார், விலை உடனே 6,100-க்குப் போனது. பத்து நிமிடத்தில் "தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்" என்று விலக்கிக்கொண்டார், விலை மறுபடி 2,350. அன்று மாலை வேறொரு புதுக் கணக்கு, ஒரு மதிப்புரைகூட வாங்காதது, எடுத்த எடுப்பில் 5,900 கேட்டது. அப்புறம் ஒருவரும் வரவில்லை. காசு 6,000-க்கு என் தலையில் விழுந்தது. அந்த இரண்டு கணக்குகளும் கடந்த ஒரு மாதத்தில் கேட்டதெல்லாம் இதே விற்பனையாளரின் பொருட்களைத்தான். நாளை மாலைக்குள் பணம் கட்ட வேண்டும்.

சந்தைக்கடை:
தம்பி, நானும் பதினொரு வருடமாகப் பழைய காசு விற்கிறேன், அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். 6,000 வரை தரலாம் என்று எழுதியது நீங்கள்தானே? 6,000-க்குத்தானே கிடைத்தது? உங்கள் பையிலிருந்து யாரும் கூடுதலாக ஒரு ரூபாய் எடுக்கவில்லை. கை தவறி ஒரு சைபர் கூடுவது தினமும் நடக்கிறது. ஏலத்தில் தோற்றவர் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஜெயித்தவர்தான் விலையைப் பார்த்துவிட்டு மறுநாள் சந்தேகப்படுகிறார்.

நாணயப்பித்தன்:
அண்ணே, மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது எதற்கு? பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது என்பதற்குத்தான். நான் துண்டுக்கு அடியில் காட்டிய விரலை ஒருவர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். 10,000 என்று கேட்டதால் மட்டுமே என் உச்சம் 6,000 என்பது வெளியே வந்தது. அது தெரியாத ஒருவர் சரியாக 5,900 கேட்பாரா?

எண்ணும் எழுத்தும்:
"நீங்கள் எழுதியதைத்தானே கட்டினீர்கள்" என்ற வாதத்தை அடிக்கடி பார்க்கிறேன், அது தவறு. இந்த ஏல முறைக்கு அடிப்படை, இரண்டாவதாக வந்தவரின் விலையை ஒட்டி ஜெயித்தவர் கட்டுவது. 1961-இல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் இதைப் பற்றி எழுதினார், 1996-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். இந்த முறையில் மனதில் உள்ள உண்மையான மதிப்பை எழுதினால் நஷ்டமில்லை, ஏனென்றால் விலையை முடிவு செய்வது நிஜமான போட்டியாளர். அந்தப் போட்டியாளர் விற்பவரின் ஆளாக இருந்தால் எல்லாம் தலைகீழ். அப்புறம் யார் உண்மையான தொகையை எழுதுவார்கள்?

கடைசி சில விநாடிகளில் வந்து கேட்பதற்கும் இது ஒரு காரணம். ஆல்வின் ராத், ஆக்செல் ஓகென்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஈபே என்ற ஏலத் தளத்தையும் அன்றைய அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் குறித்த நேரத்தில் ஏலம் முடிந்துவிடும், அமேசானில் கடைசியாக யாராவது கேட்டால் பத்து நிமிடம் யாரும் கேட்காமல் இருக்கும்வரை நீளும். கடைசி நேரக் கூட்டம் ஈபேயில்தான் அதிகம். நாணயப்பித்தன், நீங்கள் மூன்று நாள் முன்பே உச்சத்தை வைத்ததால் அவர்களுக்கு அதைத் துழாவ நேரம் கிடைத்தது.

காவிரிக்கரை:
நான் சந்தைக்கடை அண்ணன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். என் கணவர் புதுக்கோட்டை அம்மன் காசு மட்டுமே சேர்ப்பவர், அதை ஒழுங்காகப் படம் எடுத்துப் போடுபவர் அவருக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அதனால் என் கணவரின் கணக்குப் பக்கத்தில் "இந்த விற்பனையாளரிடம் 94 சதவீதம்" என்று காட்டுகிறது, அதாவது அவர் ஏலம் கேட்டதில் அவ்வளவும் அந்த ஒருவரிடம்தான். போன வருடம் முகம் தெரியாத ஒருவர் அவரை விற்பவரின் ஆள் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். மூன்று மாதம் அவர் எதற்குமே கேட்கவில்லை, காசுப் பெட்டியைத் திறக்கவும் இல்லை. சதவீதத்தை மட்டும் பார்த்துத் திருடன் என்று சொல்லாதீர்கள்.

நாணயப்பித்தன்:
அக்கா, அது நியாயமில்லை, உங்கள் கணவருக்கு நடந்தது ரொம்ப வருத்தம். ஆனால் அவர் காசை வாங்குகிறார், பணம் கட்டுகிறார். நான் சொல்லும் கணக்குகள் ஒன்றைக்கூட வாங்கியதாகத் தெரியவில்லை. ஏற்றிவிட்டு இறங்கிப் போகிறார்கள்.

சந்தைக்கடை:
சரி, விற்பவர் பக்கத்தையும் கேளுங்கள். 99 ரூபாய்க்குத் தொடங்கினால்தான் கூட்டம் வரும். கூட்டம் வராத நாளில் 3,000 ரூபாய்க் காசு 150-க்குப் போகும், கண் முன்னே போகும். வாங்குபவர்களும் கூட்டுச் சேர்கிறார்கள், "நீ இதைக் கேள், நான் அதைக் கேட்கிறேன்" என்று பேசிவைத்து விலையை அமுக்குகிறார்கள். ஊரில் கண்மாய் மீன் ஏலத்தில் பார்த்ததில்லையா? மச்சானை விட்டு ஒரு விலைவரை கேட்கச் சொல்வது தற்காப்பு. தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

எண்ணும் எழுத்தும்:
தற்காப்புக்குத்தான் அடிப்படை விலை இருக்கிறது ஐயா. 2,500-க்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே எழுதிவிடலாமே. 99 என்று கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்துவிட்டு, மச்சானை வைத்து 2,500-க்கு ஏற்றுவது வேறு. 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் சரி. அறிவிக்காமல் தானோ ஆள் வைத்தோ கேட்டால், அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டில் தண்டனையும் கிடைத்திருக்கிறது. 2000 மே மாதம் ஈபேயில் 25 சென்ட்டில் தொடங்கிய ஒரு ஓவியம், அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததாக இருக்கலாம் என்ற பேச்சில் 1,35,805 டாலருக்கு ஏறியது. விற்ற வழக்கறிஞரே இன்னொரு பெயரில் கேட்டது தெரிந்து ஈபே விற்பனையை ரத்து செய்தது, அடுத்த வருடம் மூன்று பேர் மீது அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வழக்குப் போட்டது. இங்கிலாந்தில் 2010-இல், தன் பொருட்களுக்கு வேறு கணக்கில் தானே கேட்ட ஒருவருக்கு 5,000 பவுண்டு அபராதமும் 250 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தார்கள்.

காவிரிக்கரை:
சட்டம் சரி, ஆனால் அந்த 5,900 கணக்கு விற்பவருடையதுதான் என்று இவர் எப்படி நிரூபிப்பார்? அது தளத்துக்குத்தான் தெரியும்.

நாணயப்பித்தன்:
அதனால்தான் இன்று மதியம் ஏலப் பதிவை முழுதும் படம் எடுத்து, 10,000 கேட்டது, விலக்கியது, 5,900 கேட்டது மூன்றின் நேரத்தையும் குறித்துத் தளத்துக்கு அனுப்பினேன். விற்பவருக்கும் எழுதினேன்: யார்மீதும் குற்றம் சொல்லவில்லை, முதலில் நின்ற 2,350-க்குக் கொடுத்தால் இன்றே கட்டுகிறேன்.

எண்ணும் எழுத்தும்:
ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தப் பிரிவு விற்பனையை ரத்து செய்யத்தான் உரிமை தருகிறது, விலையைக் குறைத்துத் தரச் சொல்ல இல்லை. 2,350 என்பது நீங்கள் கேட்கும் சலுகைதான்.

சந்தைக்கடை:
நானாக இருந்தால் 2,350-க்குத் தர மாட்டேன், ரத்து செய்துவிட்டு மறுபடி ஏலத்தில் போடுவேன். மச்சான் விஷயத்தில் என் கருத்தும் மாறவில்லை. ஆனால் கேட்டுப் பார்த்துவிட்டு விலக்குவது இருக்கிறதே, அதை நான் செய்ததில்லை, செய்பவனோடு வியாபாரமும் வைத்துக்கொள்ள மாட்டேன். அந்த விற்பனையாளர் யாரென்று எனக்குத் தனிச்செய்தியில் மட்டும் சொல்லுங்கள் தம்பி.

நாணயப்பித்தன்:
அனுப்பிவிட்டேன் அண்ணே. அவரிடமிருந்தும் இப்போதுதான் பதில் வந்தது: "ரத்து செய்துகொள்ளலாம்." வேறு ஒரு வார்த்தை இல்லை. காசு போனது வருத்தம்தான், இரண்டு வருடமாகத் தேடிய 1835.